‘மறைந்தது’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: மூர் மார்க்கெட் மறைந்துவிட்டது. பழைய ஸ்பென்சர் மறைந்துவிட்டது. அதன் இடத்தில் வந்த ஸ்பென்சர் பிளாசாவிலும் இப்போது பல கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. மறைந்துபோன கட்டடங்களை நினைத்து ஏங்குவதால் யாருக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: பயனைப் பிறகு பார்ப்போம். நான்கு வரிக் கேள்வியில் ‘மறைந்து’ என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. நம் பத்திரிகைக்கு வரும் கட்டுரைகளில் கட்டடத்தைப் பற்றி அப்படி எழுதியிருந்தால் பேனாவை எடுத்து அடித்துவிடுவேன். சூரியன் மறையும், மனிதர்கள் மறைவார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய சந்தை தானாக மறையாது. ஒருவர் கோப்பில் கையெழுத்திடுகிறார், ஒருவர் கடப்பாரையைத் தூக்குகிறார், ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ‘மறைந்தது’ என்று எழுதியதும் இவர்கள் எல்லோரும் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார்கள்.

மூர் மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். பிராட்வேயில் நெரிசலில் தவித்த பழைய சந்தைக்கு மாற்றாக, சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க் பூங்காவில், நாற்புறமும் கடைகளும் நடுவே முற்றமுமாக, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டட மரபுகள் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியில் சிவப்புச் செங்கல்லால் எழுப்பப்பட்ட அந்தச் சந்தை 1900இல் திறக்கப்பட்டது. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. 1985 மே 30 அன்று அங்கே தீப்பிடித்தது. அது விபத்து என்றே வைத்துக்கொண்டாலும், அதன்பின் நடந்தவை எதுவும் விபத்து அல்ல. நிலம் ரயில்வேயின் கைக்குப் போனது, புறநகர் ரயில்களுக்கான நிலையத்தோடு ஒரு பல மாடிக் கட்டடம் எழுந்தது, வியாபாரிகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் பெயர்ந்தார்கள். ரயில்வேயின் ஏடுகளில் அந்தப் புறநகர் நிலையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். பழைய சந்தையின் சிறிய மாதிரி ஒன்றையும் வெளியே கட்டி வைத்திருக்கிறார்கள். பெயரையும் பொம்மையையும் காப்பாற்றத் தெரிந்த ஊருக்குச் சந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை என்பதுதான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை உறுத்துகிறது.

அங்கே நான் முதலில் போனது 1978இல், கல்லூரி மாணவனாக. பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் மேலட்டை போன ஓர் ஆங்கில அகராதி இருந்தது. கிழிந்த முதுகைக் கோணி ஊசியாலும் சணலாலும் அவரே தைத்து, பழுப்புக் காகிதம் ஒட்டி, உள்பக்கத்தில் பென்சிலால் 4 என்று எழுதி வைத்திருந்தார். நான் புத்தகத்தை வைத்துவிட்டு நடந்தேன். மூன்றாவது அடியில், “தம்பி, ஒரு விலை சொல்லிட்டுப் போ” என்று குரல் வந்தது. இரண்டே முக்கால் ரூபாய்க்கு முடிந்தது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாத அவருக்கு, எந்தத் தேர்வுக்கு எந்தப் பாடநூலின் எத்தனையாவது பதிப்பு வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்த அகராதி இப்போதும் என் மேசையில் இருக்கிறது; தையல் விடவில்லை. கட்டடத்தின் கூம்புகளையும் வளைவுகளையும் புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கைவேலையும், அடுக்கைக் கலைக்காமல் அடியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி எடுக்கும் பழக்கமும், ஆயிரம் புத்தகங்களின் இருப்பிடத்தை மனத்திலேயே வைத்திருந்த நினைவும் அந்த முற்றத்தின் நெருக்கத்தில் வளர்ந்தவை; அவற்றுக்கு மாதிரி செய்து வைக்க முடியாது.

ஸ்பென்சருக்காக நான் இதே அளவு வருந்த மாட்டேன். 1863இல் தொடங்கிய அந்த நிறுவனம் மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) கட்டிய பழைய மாளிகை அழகானது, 1983இல் அது எரிந்தது பேரிழப்பு. ஆனால் அது துரைமார்களுக்காகக் கட்டப்பட்ட கடை. என் தந்தையின் தலைமுறையில் பெரும்பாலோர் அதை வெளியிலிருந்து பார்த்தவர்களே. 1990களில் அதே இடத்தில் எழுந்த பிளாசாவைப் பற்றி அழகு இல்லை என்று எழுதியவர்கள் உண்டு. பையில் பேருந்துக் கட்டணம் மட்டும் வைத்திருந்த பிள்ளைகள், யாரும் விரட்டாமல் ஒரு பிற்பகல் முழுவதும் குளிரூட்டிய கூடத்தில் நடந்து திரிந்தது அங்கேதான். பிறகு 2006இல் சிட்டி சென்டர், 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்று புதிய வணிக வளாகங்கள் வந்தன, கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எக்ஸ்பிரஸ் அவென்யூ நிற்கும் இடத்திலும் இந்தியர்களை உறுப்பினராகச் சேர்க்காத பழைய மெட்ராஸ் கிளப்பின் கட்டடம் ஒரு காலத்தில் இருந்தது. எல்லா இடிப்பும் ஒரே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் இடித்தவர் யார், இழந்தவர் யார் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

இனி, பயன். அதே மவுண்ட் ரோட்டில், டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காக 1897இல் கட்டப்பட்ட செந்நிறக் கட்டடம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்றது. காப்பீடு தேசியமயமானபின் எல்.ஐ.சி.யின் உடைமையான அதை 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். பழங்காலக் கட்டடங்களையும் மரபுச் சின்னங்களையும் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பினர் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சிதைந்த நிலையில்தான் என்றாலும், கட்டடம் பிழைத்தது. ஏங்கியவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பெருமூச்சு விட்டிருந்தால், இன்று உங்கள் கேள்வியில் நான்காவது ‘மறைந்து’ சேர்ந்திருக்கும்.

பெரம்பூரிலிருந்து எழுதியிருக்கிறீர்கள், மூர் மார்க்கெட்டுக்கு நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவர்களோ போகாமல் இருந்திருக்க வழியில்லை. எந்த வாசல் வழியாக நுழைந்தார்கள், கிளியும் முயலும் விற்றவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள், இசைத்தட்டுக் கடைக்கு அடுத்து என்ன கடை என்பதைக் கேட்டு, கையால் ஒரு வரைபடம் போட்டு அனுப்புங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. வந்து சேரும் வரைபடங்கள் அனைத்தையும், ஒன்றோடொன்று முரண்பட்டாலும், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.