பத்துக்கு எத்தனை புள்ளி?

கேள்வி: அண்மையில் பார்த்த படங்களுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள்? இணையத்தில் மற்றவர்கள் போடும் புள்ளிகளை நம்பிப் படத்துக்குப் போகலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போகலாம், புள்ளி போட்டவர் யாரென்று தெரிந்தால்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம். நான், மனைவி, பெரியம்மா, ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பி (பெரியம்மாவின் மகன்). படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கினால் ஆளுக்கொரு புள்ளி சொல்லியாக வேண்டும். பெரியம்மா 6 என்றால் நித்திரை கொள்ளாமல் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். 8 என்றால் அழுதிருக்கிறார். தம்பிக்குப் பிடித்த நடிகரின் படமென்றால் பெயர் திரையில் விழும்போதே 9 ரெடி, ஒரு கிழமையில் அது சத்தமில்லாமல் 6 ஆகிவிடும். மனைவி ஆசிரியை. அவவின் 7 ஐத் தாண்டிய படம் இன்னும் எடுக்கப்படவில்லை. இந்த நாலையும் கூட்டி நாலால் பிரித்தால் வருகிற எண்ணால் ஒருவருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் "பெரியம்மா 8 போட்டவ" என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் அது என்ன மாதிரிப் படமென்று விளங்கிவிடும்.

இணையத்தில் நடப்பது அந்தக் கூட்டிப் பிரிக்கிற வேலைதான். பார்வையாளர்கள் புள்ளி போடும் ஐஎம்டிபி தளம் வெறும் சராசரி போடுவதில்லை, வாக்குகளுக்கு வெவ்வேறு எடை கொடுத்துத்தான் கணக்குப் பார்க்கிறது. அப்படியிருந்தும் பெரிய நடிகரின் படம் வந்த முதல் நாட்களில் அந்த எண்ணை நான் பார்ப்பதே இல்லை. அதை அழுத்தினால் எத்தனை பேர் 10, எத்தனை பேர் 1 என்று கோடுகள் வரும். 10 இலும் 1 இலும் இரண்டு பெரிய தூண், நடுவில் வெறுமை என்றால் அங்கே படத்துக்குப் புள்ளி போடவில்லை, இரண்டு ரசிகர் கூட்டம் சண்டை பிடிக்குது. 7, 8 இல் மேடு தட்டியிருந்தால் டிக்கெட் எடுக்கலாம். விமர்சனங்களைத் திரட்டும் ரொட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படம் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டது என்று தம்பி இன்றைக்கும் வாதாடுவான். விமர்சகர்களில் நூற்றில் தொண்ணூறு பேர் "பரவாயில்லை" என்றாலே அந்த எண் வந்துவிடும், அவர்களில் ஒருவருக்குக்கூடப் படம் தலைக்கேறியிருக்கத் தேவையில்லை. பழைய ஆனந்த விகடன்காரர்கள் கையிறுக்கமாகப் போட்ட காலமும் இருந்தது. 1977 இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கே நூற்றுக்கு 62.5 தான். மனைவிக்கு அந்த முறைதான் பிடிக்கும்.

சரி, படங்கள். எல்லாம் போன வெள்ளிக்கிழமை வந்தவை இல்லை, நான் பிந்திப் பார்க்கிற ஆள்.

'மெய்யழகன்' (2024). என்னுடைய புள்ளி 8.5. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996 இல் சென்னைக்குப் போன ஒருவர், இருபது வருடத்துக்கும் மேலான பிறகு தங்கை முறையானவளின் கலியாணத்துக்காகத் திரும்பி வருகிறார். அங்கே ஒரு இளைஞன் "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். அவன் யாரென்று இவருக்கு ஞாபகமே வரவில்லை. அரவிந்த்சாமியும் கார்த்தியும் இரவு முழுக்கக் கதைத்துக்கொண்டிருப்பதுதான் படம். தம்பி 5 போட்டான். "கதைக்கிறாங்கள், கதைக்கிறாங்கள், கதைச்சுக்கொண்டே இருக்கிறாங்கள்!" வெளியான சில நாட்களிலேயே நீளம் கூடிப்போனது என்று பதினெட்டு நிமிடமளவில் வெட்டிவிட்டார்கள். இன்னும் அரை மணித்தியாலம் வெட்டியிருக்கலாம் என்பது அவனுடைய கட்சி.

பெரியம்மா 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது நடந்தவர். பிறகு வன்னி, பிறகு கொழும்பு. படத் தொடக்கத்தில் அந்தப் பெடியன் வீட்டை விட்டு வெளிக்கிடும் கட்டத்தில் "கொஞ்சம் நிப்பாட்டு" என்றா. எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தா, எங்களுக்கும் சேர்த்து. "ம், இனிப் போடு." முடிந்ததும் அவ கேட்ட ஒரே கேள்வி, "வெட்டினதில என்ன இருந்தது?" புள்ளி 9. அவவின் சரித்திரத்தில் அப்படி ஒன்று இல்லை. அதற்காக நான் என் புள்ளியை ஏற்றவில்லை. இரண்டாம் பாதியில் கார்த்தியின் பாத்திரம் கொஞ்சம் அளவுக்கு மீறி நல்லவனாகிவிடுகிறது, அரைப் புள்ளி அங்கேதான் போனது.

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025). 7. பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து வள்ளமேறிச் சென்னைக்குப் போகும் ஒரு குடும்பம், தாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை மறைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரோடு பழகுவதுதான் கதை. சசிகுமாரும் சிம்ரனும். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இந்தப் படத்தைக் கொழும்பில் தியேட்டரில் பார்ப்பது தனி அனுபவம், மண்டபம் முழுக்கப் பரீட்சகர்கள். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஐயா ஒருவர் பத்து நிமிடத்துக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "யாழ்ப்பாணமும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை. கோடம்பாக்கம்." அதே ஐயா பிற்பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்ததும் கேட்டது. பேச்சுவழக்குக்காகப் புள்ளி குறைப்பதை நான் நிறுத்திவிட்டேன். அப்படிக் குறைக்கத் தொடங்கினால் தமிழ்நாட்டில் எங்களைப் பற்றி எடுத்த ஒரு படமும் தேறாது. நான் குறைத்தது வேறொன்றுக்கு: அந்தக் குடியிருப்பில் ஒரு கெட்ட மனிசனும் இல்லை. அகதியாகப் போய் வாடகை வீடு தேடியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு, அவர்கள் சொல்லும் கதைகள் இப்படி முடிவதில்லை. சின்னவனாக வரும் கமலேஷுக்கு மட்டும் தனியாக 9 கொடுக்கலாம்.

'லப்பர் பந்து' 8. கிரிக்கெட் படம். இங்கே ஒழுங்கைகளில் சொஃப்ட்போல் கிரிக்கெட் அடித்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஊர் அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதில் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிரசங்கம் வைக்காமல் காட்டிவிட்டார்கள். மனைவியாக வரும் சுவாசிகா டிராக்டரோடு மைதானத்துக்குள் இறங்கும் காட்சிக்கு என் மனைவி கைதட்டினா. புள்ளி என்னவோ 7 தான்.

கடைசியாக, கட்டாயம் பாருங்கள் என்று நான் சொல்வது எங்கள் நாட்டு இயக்குநர் பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்'. 2023 இல் தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசோக் விருது வாங்கியது. இராமாயணத் தலங்களைப் பார்க்க 2022 இல் இங்கே வரும் ஒரு மலையாளத் தம்பதி, மலைநாட்டில் தங்கும் இடத்தில் திருட்டுக் கொடுக்கிறார்கள். பொலிஸ் தோட்டத்துத் தமிழ்ப் பெடியன்களைப் பிடித்து வருகிறது. நாடு பெற்றோல் வரிசையில் நிற்கும் நேரத்தில் உல்லாசப் பயணி ஒருவருக்குத் தன் மடிக்கணினிதான் பெரிது. ஒன்றரை மணித்தியாலப் படம், மலையாளமும் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஓடுகிறது, அந்த மொழிகளுக்கு இடையில் யார் யாருக்கு எதை மொழிபெயர்க்காமல் விடுகிறார்கள் என்று கவனித்தால் படம் இன்னும் கூர்மையாகும். பொலிஸ்காரராக மஹேந்திர பெரேரா. அந்த மனிசனைப் பார்த்துப் பயப்படுவதா பாவப்படுவதா என்று கடைசிவரை முடிவெடுக்க முடியவில்லை. என் புள்ளி 9.

பெரியம்மா 6 போட்டா, தம்பி 8. மனைவி இன்னும் போடவில்லை, முடிவைத் திரும்ப ஒருக்கால் பார்க்கவேண்டுமாம். இந்த போயா (பௌர்ணமி) லீவுக்குப் போட்டுப் பார்க்க இருக்கிறோம். அவ 7 ஐத் தாண்டினால் கீழே கருத்துப் பகுதியில் எழுதுகிறேன்.