விசாரணை ஆணையமும் அரசாணையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெரிய துயரம் எது நடந்தாலும் அடுத்த நாளே ‘ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணை ஆணையம்’ என்று அறிவிப்பு வருகிறது. மூன்று மாதம் என்பார்கள், மூன்று வருடம் இழுக்கும். அறிக்கை வந்த பின்னும் யாரும் சிறைக்குப் போவதில்லை. நீதிபதி சொன்னதற்கே அரசு கட்டுப்பட வேண்டியதில்லை என்றால் இது வெறும் கண்துடைப்புத்தானே? இவற்றால் எங்காவது ஒரு கொள்கை மாறியிருக்கிறதா? பாதிக்கப்பட்டவர்கள் மெனக்கெட்டுப் போய் வாக்குமூலம் கொடுப்பதில் பொருள் உண்டா?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

‘யாரும் சிறைக்குப் போவதில்லை’ என்ற வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த எதிர்பார்ப்போடு போவதால்தான் ஏமாற்றம் இவ்வளவு கசக்கிறது. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டம், பிரிவு 4இல், உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்களை ஆணையத்துக்குக் கொடுக்கிறது. சாட்சிக்கு அழைப்பாணை அனுப்பலாம், சத்தியப் பிரமாணத்தின்பேரில் விசாரிக்கலாம், எந்த அரசு அலுவலகத்திலிருந்தும் கோப்பை வரவழைக்கலாம். தீர்ப்புச் சொல்ல மட்டும் முடியாது. ஆணையத்தின் பரிந்துரை தானாக யாரையும் கட்டுப்படுத்தாது என்று தொழிலதிபர் டால்மியா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958லேயே சொல்லிவிட்டது. பிரிவு 6 இன்னொரு படி மேலே போகிறது. ஆணையத்தின் முன் ஒருவர் சொன்ன சாட்சியத்தை, பொய்ச் சாட்சி வழக்கு தவிர, வேறெந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. அச்சமில்லாமல் உண்மை வெளிவரட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. தண்டனை வேண்டுமென்றால் காவல்துறையின் புலனாய்வும் நீதிமன்ற வழக்கும் தனியாக நடந்தாக வேண்டும். ஆணையம் அமைந்துவிட்டதே என்று அந்த வழக்கைக் கவனிக்காமல் விடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

கொள்கை மாறியிருக்கிறதா என்று கேட்டீர்கள். மாறியிருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவான உதாரணம் வட கடலில் இருக்கிறது. 1988 ஜூலை 6 இரவு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, திறந்த வாயைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். இரவு ஷிஃப்டுக்கு வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்ப் நின்றதும் இதை இயக்கினார்கள், வாயு கசிந்தது. முக்குளிப்பவர்கள் நீரில் இறங்கும் நேரங்களுக்காகத் தீயணைப்புப் பம்புகள் கைமுறைக்கு மாற்றப்பட்டிருந்ததால் அவை தானாக இயங்கவில்லை. பக்கத்து மேடைகள் இதே குழாய்த் தொடருக்கு எண்ணெயையும் வாயுவையும் அனுப்பிக்கொண்டே இருந்தன.

நீதிபதி கல்லன் பிரபுவிடம் இரண்டு கேள்விகள் தரப்பட்டன: என்ன நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. வால்வோடு நின்றுவிடாமல், எண்ணெய் உற்பத்தியைப் பெருக்க வேண்டிய எரிசக்தித் துறையே கடல்மேடைகளின் பாதுகாப்பையும் மேற்பார்க்கிறதே என்பது வரை அவர் போனார். 1990 நவம்பரில் வந்த அறிக்கையில் 106 பரிந்துரைகள். அரசு செய்ய வேண்டியது எது, மேடையை நடத்தும் நிறுவனம் செய்ய வேண்டியது எது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருந்தது. அத்தனையும் ஏற்கப்பட்டன. 1991இல் மேற்பார்வை, தொழில் பாதுகாப்பைக் கவனிக்கும் தனி அமைப்புக்கு மாறியது. 1992இல் வந்த விதிகளுக்குப் பிறகு, என் மேடையில் என்னென்ன ஆபத்து உண்டு, அவற்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறேன் என்று நிறுவனமே எழுதி ஒப்புதல் வாங்காமல் மேடையை இயக்க முடியாது. அதற்கு முன் ஆய்வாளர் பட்டியலோடு வந்து சரிபார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

அந்த விபத்துக்காக எவர்மீதும் குற்ற வழக்குத் தொடரப்படவில்லை. இது நியாயம் என்று சொல்ல வரவில்லை. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இது ஆறாத புண். ஆனால் தண்டனையும் விதிமாற்றமும் இரண்டு தனித்தனி ஓட்டங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு 29 நாளில் அறிக்கை கொடுத்தது. அது 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம்கூட இல்லை. ஏறத்தாழ 80,000 யோசனைகள் வந்து குவிந்தன. குழு ஆலோசனையோடு நிற்காமல், சட்டத் திருத்தத்தின் வாசகத்தையே எழுதி இணைத்தது. அறிக்கை ஜனவரி 23. அவசரச் சட்டம் பிப்ரவரி 3. பின்தொடர்ந்து தொல்லை தருவது, மறைந்திருந்து பார்ப்பது ஆகியவை தனிக் குற்றங்களாயின. புகாரைப் பதிய மறுக்கும் காவலருக்கும் தண்டனை வந்தது. அதே வேளையில், திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்வுக்கான விலக்கை நீக்கச் சொன்னதை அரசு ஏற்கவில்லை. குழு பரிந்துரைக்காத மரண தண்டனையைச் சேர்த்தது. அரசு வேண்டியதை எடுக்கும், வேண்டாததை விடும். விட்டதும் ஏட்டில் இருப்பதால் அடுத்த வழக்கிலும் விவாதத்திலும் அது திரும்ப வரும். தமிழ்நாட்டில் 1969இல் அமைந்த சட்டநாதன் ஆணையம் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஒதுக்கீடு கேட்டது. 1971இல் ஒதுக்கீட்டின் அளவு மட்டும் கூடியது. தனி 20 சதவீதம் வந்தது 1989இல்.

தாமதத்துக்கு வருகிறேன். அதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. ஒருவருடைய நற்பெயர் பாதிக்கப்படலாம் என்றால் பிரிவு 8பி-யின்படி அவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். 8சி அவருக்கு வழக்கறிஞரையும் குறுக்கு விசாரணை உரிமையையும் தருகிறது. இதைத் தவறவிட்டு எழுதிய கண்டனங்களை நீதிமன்றங்கள் நீக்கியிருக்கின்றன. ஆகவே பழி யார்மீது என்ற கேள்வி பெருகப் பெருக வருடங்களும் பெருகும். அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது குறித்த லிபரான் ஆணையம் 1992 டிசம்பரில் தொடங்கி, 48 நீட்டிப்புகளுக்குப் பிறகு 2009 ஜூனில்தான் முடிந்தது.

சரி, வாக்குமூலம் கொடுக்கலாமா? கண்டிப்பாகக் கொடுங்கள், ஆனால் முறையாக. முதலில் ஆணையத்தை அமைத்த அரசாணையை வாங்கி ‘விசாரணை வரம்பு’ என்ற பத்தியைப் படியுங்கள். ‘பலப்பிரயோகம் தேவைதானா’ என்று மட்டும் இருந்தால் பதிலும் அதோடு நின்றுவிடும். ‘இனி நிகழாமல் தடுக்கும் வழிகள்’ என்ற வரி இல்லையென்றால், அதைச் சேர்க்கக் கோரி முதல் சில வாரங்களுக்குள் அரசுக்கு எழுதுங்கள். சாட்சி விசாரணை முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

பிரமாணப் பத்திரம் கோரும் அறிவிப்பு நாளிதழ்களில் வரும். கடைசித் தேதியும் அதிலேயே இருக்கும். பத்திரத்தில் பத்திகளுக்கு எண் இடுங்கள். தேதி, நேரம், இடம்; கண்ணால் கண்டது ஒரு பகுதி, கேள்விப்பட்டது வேறு பகுதி. இரண்டையும் கலந்தால் குறுக்கு விசாரணையில் கண்டதும் சேர்ந்து அடிபடும். ஆவண நகல்களை இணையுங்கள். உங்களிடம் இல்லாமல் அரசிடம் இருக்கும் ஆவணங்களை, எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு, எந்தத் தேதி என்று பட்டியலிட்டு, பிரிவு 4இன்படி வரவழைக்கக் கேளுங்கள். இதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை; ஆணையத்தின் மிகப் பெரிய அதிகாரம் பயன்படாமல் போகிறது. கடைசியில் யோசனைகளைத் தனிப் பகுதியாக எழுதுங்கள். ‘தகுந்த நடவடிக்கை வேண்டும்’ என்று எழுதினால் அரசும் ‘தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றே பதில் தரும். எந்த விதி, எந்த அதிகாரி, என்ன மாற்றம், எத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள். நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஒப்புகை பெற்றுக் கொடுங்கள்.

அறிக்கை போனபின் பிரிவு 3(4) உங்கள் கையில் இருக்கிறது. அறிக்கையையும் எடுத்த நடவடிக்கை குறித்த குறிப்பையும் ஆறு மாதத்துக்குள் அரசு சட்டமன்றத்தில் (மத்திய அரசு அமைத்த ஆணையம் என்றால் நாடாளுமன்றத்தில்) வைக்க வேண்டும். 1986இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, வைக்காமலிருக்கவும் அரசுக்கு வழி செய்தார்கள். 1990இல் அதை நீக்கிவிட்டார்கள். அவையில் வைக்காத அறிக்கையை நேரடியாகக் கேட்டால் அவை உரிமை மீறலாகும் என்று சொல்லி மறுக்கக்கூடும். அதனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு முதலில் இரண்டு தேதிகளை மட்டும் கேளுங்கள்: அறிக்கை அரசுக்கு வந்த தேதி, அவையில் வைத்த தேதி. வைத்தாகிவிட்டது என்றால், நடவடிக்கைக் குறிப்பில் ‘கொள்கை அளவில் ஏற்கப்பட்டது’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்றிருக்கும் வரிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறப்பித்த அரசாணையின் எண், தேதி, நகல் என்று இரண்டாவது மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். ‘அரசாணை ஏதும் இல்லை’ என்று வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அவையில் கேட்கவும், உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு போடவும் அதுதான் முதல் இணைப்பு.

அன்புடன்,
ஆசிரியர்