வேலைப் பயணத்தில் தனியாகச் சாப்பிடப் போகும்போது உணவுக்கேற்ற வைனை எப்படித் தேர்ந்தெடுத்து ரசிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: வேலை விஷயமாக அடிக்கடி வெளியூர் போகிறேன், மாலையில் நல்ல உணவகத்துக்குப் போக ஆசை, கூட யாரும் இல்லை, எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று தெரியாது, மறுநாள் காலையில் தெளிவாக வேலைக்கும் போக வேண்டும். என்ன செய்வது?

பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரங்களை நிறுவிக் கொடுப்பது என் வேலை. வருடத்தில் நான்கைந்து மாதங்கள் விடுதி அறைகளில்தான் கழிகின்றன. ஆரம்பத்தில் மாலையானால் ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து அறையிலேயே சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். தனியாகப் போய் ஒரு மேசையில் உட்காரக் கூச்சம். அப்படி வீணாய்ப் போன மாலைகளை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. வாடிக்கையாளரோடு சாப்பிடும்போது கவனமெல்லாம் பேச்சில்தான் இருக்கும், நாக்கு எதையும் பதிவு செய்யாது. உணவையும் வைனையும் சேர்த்துச் சுவைத்துப் பழகுவதற்குத் தனியாக இருக்கும் மாலைதான் சரியான நேரம்.

முன்பதிவு செய்யும்போதே கவுன்ட்டர் இருக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். மாலை கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள். கூட்டம் சேரும்வரை ஊற்றிக் கொடுப்பவர்களுக்குப் பேச நேரம் இருக்கும், கேட்டால் ஆர்வமாகச் சொல்வார்கள். பிரான்சில் ஞாயிறும் திங்களும் பல உணவகங்கள் மூடியிருக்கும் என்பதையும் பயணத் திட்டம் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதற்கு எது பொருந்தும்? திராட்சைப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அறுசுவை என்று ஆறு சொற்களைச் சின்ன வயதிலேயே படித்திருக்கிறோம், அவை போதும். சிவப்பு வைனைக் குடித்ததும் நாக்கும் ஈறும் வறண்டு இழுப்பது போல இருக்கிறதே, அதற்கு டானின் காரணம். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, உமிழ்நீரில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயின் வழவழப்பைக் குறைக்கிறது. அறிவியலார் பலர் இதைச் சுவையில் சேர்ப்பதில்லை, தொடு உணர்வு என்கிறார்கள். நம் மொழியிலோ துவர்ப்பு என்று அதற்கு நேரான சொல்லே இருக்கிறது, ஆறில் ஒன்றாகவும் இருக்கிறது. எனக்கு இது பெரிய திறவுகோலாக இருந்தது. துவர்ப்பு உள்ள வைனுக்குக் கொழுப்பும் புரதமும் உள்ள உணவு வேண்டும். மாட்டிறைச்சியோடு கபர்னே சோவிஞோன் என்ற துவர்ப்பான சிவப்பு வைன் சேர்வது இதனால்தான், இறைச்சியின் புரதத்தோடு டானின் சேர்ந்துகொள்ளும், நாக்கு தப்பித்துவிடும். அதே வைனைக் கசப்பான கீரைகள் போட்ட சாலடோடு குடித்தால் கசப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

புளிப்பான உணவுக்கு அதைவிடப் புளிப்பு குறைந்த வைனைக் கொடுத்தால் வைன் தண்ணீர் போல ஆகிவிடும். தக்காளிச் சாறு நிறைந்த பாஸ்தாவுக்கு இத்தாலியின் கியாந்தி நன்றாகப் போவது, சாஞ்சோவேசே திராட்சையில் புளிப்பு தூக்கலாக இருப்பதால். இனிப்புப் பண்டத்துக்கு அதைவிட இனிப்பான வைன் வேண்டும், இல்லாவிட்டால் வைன் வெறும் புளிப்பாகத் தோன்றும். உப்பு வைனுக்கு நல்ல நண்பன். கசப்பை அடக்கும், புளிப்போடும் நுரையோடும் ஒத்துப்போகும். உப்பிட்டுப் பொரித்த எதனோடும் ஷாம்பேன் குடித்துப் பாருங்கள், நான் சொல்வது உடனே புரியும்.

காரம்தான் பலரும் தவறு செய்யும் இடம். காரமான உணவுக்குக் கனமான சிவப்பு வைன் என்று நினைத்து வாங்குகிறார்கள். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். 14, 15 சதவீதம் உள்ள வைனைக் காரத்தோடு குடித்தால் நாக்கு எரிவது மட்டும்தான் மிஞ்சும். ஜெர்மனியின் மோசெல் பகுதியிலிருந்து வரும் ரீஸ்லிங் கபினெட் வகையைக் கேளுங்கள். லேசான இனிப்பு, கூர்மையான புளிப்பு, ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான். மறுநாள் வேலை இருப்பவருக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை.

மீனுக்குச் சிவப்பு வைன் கூடாது என்று சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் காட்டியது என்னவென்றால், கடல் உணவோடு சில வைன்கள் கவிச்சை வாடை எழுப்புவதற்கு அவற்றில் இருக்கும் இரும்புச் சத்து காரணம். இரும்பு குறைவாக இருந்தால் சிவப்பும் பிரச்சினை செய்யாது. ஆனால் பட்டியலைப் பார்த்து இரும்பின் அளவை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சிப்பிக்கு முஸ்கதே, ஷாப்லி மாதிரி வெள்ளை வைனோடு போவதே நிம்மதி.

எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர் வைனையே கேட்பது பெரும்பாலும் நல்ல வழி. லுவார் நதிக்கரையின் சான்செர் வைனும் அதே மண்ணின் ஷவின்யோல் ஆட்டுப்பால் சீஸும் தலைமுறை தலைமுறையாக ஒரே மேசைக்கு வந்தவை. லியோனில் போஜோலே வைனை 46 சென்டிலிட்டர் கொள்ளும் அடி தடித்த குப்பியில் தருவார்கள், அந்த ஊர்ப் பன்றி இறைச்சிப் பண்டங்களின் கொழுப்புக்கு அந்த வைனைச் செய்யும் கமே திராட்சையின் புளிப்பு சரியாக ஈடு கொடுக்கும். ஆனாலும் இதைச் சட்டமாக்கிக்கொள்ளாதீர்கள். போர்த்துகலின் போர்ட் வைனும் இங்கிலாந்தின் ஸ்டில்டன் சீஸும் வேறு வேறு நாட்டுக்காரர்கள், இருந்தும் அந்த ஜோடி அவ்வளவு அழகு.

இப்போது அளவு. என் பதிலில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன், நிறுவல் வேலைக்கு முந்தைய இரவு, ஏழு வகை உணவும் ஏழு கிண்ணம் வைனும் கொண்ட பேரிங் மெனு எடுத்தேன். ஒவ்வொன்றும் சுமார் 100 மில்லி. சின்னச் சின்னதாக வந்ததால் அதிகம் குடித்ததாகவே தோன்றவில்லை. கூட்டிப் பார்த்தால் 700 மில்லி, ஒரு முழுப் பாட்டிலுக்கு 50 மில்லிதான் குறைவு. 13 சதவீதம் என்று வைத்தால் சுத்த ஆல்கஹால் சுமார் 72 கிராம். உடம்பு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7, 8 கிராமைத்தான் கரைக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆக, ஒன்பது பத்து மணி நேர வேலை. இரவு பதினொன்றுக்கு எழுந்து போனவன் காலை எட்டு மணிக்கு இயந்திரத்தின் முன் நிற்கும்போது உடம்பு அந்தக் கணக்கை முழுதாக முடித்திருக்கும் என்று சொல்ல முடியாது. அன்று ஒரு வெப்ப அளவைத் தப்பாகப் பதித்தேன். பக்கத்தில் இருந்த தொழிலாளி பார்த்துச் சொன்னதால் சேதம் இல்லை. அந்த மனிதருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அவர் கை பக்கத்தில் இருந்த இயந்திரம் அது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் ‘பாதி அளவு ஊற்ற முடியுமா’ என்று கேட்கிறேன். கேட்பதில் தயக்கமே வேண்டாம், பெரும்பாலான இடங்களில் சரி என்பார்கள், விலையையும் குறைத்துக்கொள்வார்கள். 50 மில்லி வீதம் ஐந்து வைன் என்றால் 250 மில்லிதான், ஆல்கஹால் 26 கிராம் அளவுக்கு வரும், படுத்து எழுவதற்குள் தீர்ந்துவிடும். வாகனம் ஓட்ட வேண்டிய இரவில் அதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் கிண்ணத்தில் விற்கும் இடங்கள் 125 மில்லி அளவைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், கேட்காமல் விட்டால் 175 மில்லி வந்து நிற்கும்.

கிண்ணக் கணக்கில் என்ன நல்ல வைன் கிடைக்கும் என்று சந்தேகம் வரலாம். முன்பு அது நியாயமான சந்தேகம். 2013-இல் கோராவின் என்ற கருவி விற்பனைக்கு வந்தபின் நிலைமை மாறிவிட்டது. தக்கையைத் திறக்காமல் மெல்லிய ஊசியைச் செலுத்தி வைனை எடுப்பார்கள், எடுத்த இடத்தை ஆர்கான் வாயு நிரப்பும், தக்கை தானே மூடிக்கொள்ளும். அதனால் விலை உயர்ந்த பாட்டிலிலிருந்தும் ஒருவருக்கு ஒரு கிண்ணம் ஊற்ற முடிகிறது. தனியாக வருபவர்களுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது.

சுவைக்கும் முறை: முதலில் வைனை மட்டும் ஒரு மிடறு. பிறகு உணவில் ஒரு வாய். விழுங்கியதும் மறுபடி வைன். இரண்டாவது மிடறு முதல் மிடற்றைவிட நன்றாக இருந்தால் பொருத்தம் சரி. கொஞ்சம் துணிந்தால், ஒரே உணவுக்கு வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று என்று பாதிப் பாதியாக வாங்கி மாற்றி மாற்றிக் குடித்துப் பாருங்கள். நான் கற்றதில் பெரும்பகுதி இப்படித்தான். தோற்றுப்போன ஜோடியும் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கும், அதையும் கைபேசியில் ஒரு வரி குறித்து வையுங்கள்.

சொமெலியேயிடம், அதாவது உணவகத்தில் வைன் தேர்ந்து பரிமாறும் நிபுணரிடம், பேசப் பயப்பட வேண்டாம். வைன் பெயர் தெரியாவிட்டாலும் ‘துவர்ப்பு குறைவாக, புளிப்பு நன்றாக இருக்க வேண்டும், இந்த உணவு எடுக்கிறேன்’ என்றால் அவருக்குப் போதும். விலையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் பட்டியலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் ஒரு வரியின் மேல் விரலை வைத்து ‘இது மாதிரி’ என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். பாட்டில் வாங்கினால் முதலில் கொஞ்சம் ஊற்றி நீட்டுவது, பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்க்க. நனைந்த அட்டைப் பெட்டி வாடை வந்தால் தக்கை வழியாக டிசிஏ என்ற வேதிப்பொருள் கலந்திருக்கலாம். தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். சிவப்பு வைன் வெதுவெதுப்பாக வந்தால் சிறிது நேரம் பனிக்கட்டி வாளியில் வைக்கச் சொல்வதிலும் தவறில்லை, 16 முதல் 18 டிகிரிதான் அதற்கு நல்லது.

விமானத்தில் இறங்கிய அன்றே பெரிய விருந்து வேண்டாம். விமான அறையின் காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும், மூக்கு காய்ந்துபோயிருக்கும். வைனின் சுவையில் பாதிக்கு மேல் வாசனைதான். அன்று சூப் குடித்துவிட்டுத் தூங்குங்கள், இரண்டாம் நாள் மாலையில் போங்கள். அப்புறம், மது செலவை உங்கள் நிறுவனம் தராது என்றால் உட்கார்ந்ததுமே உணவுக்கு ஒரு பில், வைனுக்கு ஒரு பில் என்று கேட்டுவிடுங்கள்.

பிரான்சின் ஜூரா மலைப்பகுதிக்கு எப்போதாவது வேலை வந்தால் ஆர்புவா ஊரில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். அங்கே வான் ஜோன் என்று ஒரு வைன். சவன்யான் திராட்சையில் செய்வது. ஆறு வருடம் மூன்று மாதமாவது ஆன பிறகுதான் விற்க முடியும். ஆவியாகிக் குறையும் பீப்பாயை அவ்வப்போது நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுவார்கள், மேலே ஈஸ்ட் ஒரு மெல்லிய திரையாகப் படர்ந்து அதைக் காக்கும். ஒரு லிட்டரில் கடைசியில் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்று கணக்கு, பாட்டிலும் அதே அளவுதான். நான் பாதிக் கிண்ணம் வாங்கினேன், கூட அதே மலையின் கோன்தே சீஸ், இளசாக ஒரு துண்டு, முற்றியது ஒரு துண்டு. இளசோடு வைன் முரட்டுத்தனமாக இருந்தது. முற்றிய துண்டைக் கடித்த பிறகு அதே வைன் அக்ரூட் பருப்பாக மணந்தது. அந்தப் பாதிக் கிண்ணம் தீர எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. நீங்கள் போனால் இரண்டு துண்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.