தாயம் விழாதவனும் எழுந்து போகாத ஆட்டம்

கேள்வி: நண்பர்களோடு உட்கார்ந்து ஆடும் பலகை விளையாட்டுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? சின்ன வயதில் ஆடியதை இப்போதும் ஆடுகிறீர்களா?

தாயம். இப்போதும் ஆடுகிறேன். ஏன் தாயம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கும்பகோணத்தில் எங்களுடையது நீளவாக்கில் போகும் ஓட்டு வீடு. திண்ணை, நடை, கூடம், முற்றம். கூடத்துத் தரை சிவப்பு சிமெண்ட். மே மாத லீவில் மதியச் சாப்பாடு முடிந்து அப்பாயி கண்ணயர்ந்ததும் அந்தத் தரையில் சாக்பீஸால் ஏழுக்கு ஏழு கட்டம் போடுவோம். நாலு பேர்: நான், எதிர்வீட்டு டீச்சர் மகள், பாத்திரக்கடை வீட்டுப் பையன், சைக்கிள் கடைக்காரர் மகன். டீச்சர் மகள் எங்களைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் எங்கள் எல்லோருக்கும் அக்கா.

ஆளுக்கு ஆறு காய். அக்காவுக்கு உடைந்த வளையல் துண்டு, எனக்குச் சோழி, பாத்திரக்கடைக்காரனுக்குப் பித்தளைத் துணுக்கு. சைக்கிள் கடைக்காரன் டவுசர் பையிலிருந்து ஆறு நட்டுகளை எடுத்து வைப்பான். கிரீஸ் வாசனையோடு இருக்கும்.

பித்தளைத் தாயக்கட்டை எங்களிடம் இல்லை. புளியங்கொட்டைதான். கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான வாசல் படியில் தேய்க்க வேண்டும். பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரிகிற வரைக்கும் விரல் நோகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கொட்டை சூடேறும். அந்தச் சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்தால் துள்ளிக் குதிப்பான். ஆறு கொட்டை தேய்த்து முடிப்பதற்குள் நாலு சண்டை நடந்திருக்கும். பிறகு ஆறையும் சேர்த்துக் குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே பார்க்கிறது என்று எண்ணுவோம். ஒன்று தெரிந்தால் தாயம். ஒன்றுமே தெரியாவிட்டால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு தடவை போடலாம். பெருக்கல் குறி போட்ட கட்டம் மலை, அங்கே உட்கார்ந்த காயை வெட்ட முடியாது. வெளிச்சுற்றைச் சுற்றி வந்து, அடுத்தவர் காயை ஒன்றாவது வெட்டிய பிறகுதான் உள்சுற்றுக்குள் போகலாம். நடுக்கட்டத்தில் ஏறினால் காய் பழம். ஆறும் பழுத்தால் ஜெயம். இதெல்லாம் எங்கள் வீட்டு விதி. அடுத்த தெருவில் வேறு மாதிரி ஆடுவார்கள்.

எல்லா வீட்டிலும் மாறாத விதி ஒன்று உண்டு. தாயம் விழாமல் முதல் காய் இறங்காது.

ஒருநாள் சைக்கிள் கடைக்காரனுக்குத் தாயம் விழவே இல்லை. ஐந்து விழுகிறது, ஆறு விழுகிறது, இரண்டும் மூன்றும் மாற்றி மாற்றி விழுகிறது, தாயம் மட்டும் வரவில்லை. எங்கள் மூன்று பேர் காய்களும் கட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவனுடைய ஆறு நட்டும் ஓரமாக வரிசையாக நிற்கின்றன. கண் கலங்க ஆரம்பித்துவிட்டது. எழுந்து போகப் போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சத்தம் கேட்டு முழித்துக்கொண்ட அப்பாயி, படுத்த இடத்திலிருந்தே சொன்னார்: “தாயம் விழாதவன் கையிலதான்டா கொட்டை இருக்கணும். அவனே எல்லாருக்கும் பொறுக்கிக் குடுக்கட்டும். அவன் கை பட்டுப் பட்டுத்தான் அதுக்கு இரக்கம் வரும்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. ஒவ்வொருவரும் போட்டு முடித்ததும் ஆறு கொட்டையையும் அவன்தான் பொறுக்கி அடுத்தவர் உள்ளங்கையில் வைப்பான். எண்ணிச் சொல்வதும் அவன்தான். சுவரோரம் போய்ச் சாய்ந்து நிற்கிற கொட்டையை வெள்ளை என்று எடுத்துக்கொள்வதா, தோல் என்று எடுத்துக்கொள்வதா என்ற வழக்கும் அவனிடம்தான் வரும். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, “தோல்தான், நாலு” என்று தீர்ப்புச் சொல்வான். ஒரு காய்கூட இறங்காதவன் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. அவனுக்குத்தான் அதில் ஆதாயமே இல்லையே!

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவனுக்குத் தாயம் விழுந்தது. நாங்கள் நாலு பேரும் போட்ட கூச்சலில் டீச்சர் எதிர்வீட்டிலிருந்து ஓடி வந்துவிட்டார். நட்டை இறக்கினான், இன்னொரு தடவை போட்டதில் மூன்று விழுந்தது, மலையைத் தாண்டிப் போய் நின்றான். அடுத்து அக்கா. அவளுக்கு அதுவரை வெட்டே கிடைக்கவில்லை. வெட்டினால்தான் உள்ளே போக முடியும். போட்டாள். சரியாக அவன் நட்டில் போய் நிற்கிற எண்ணிக்கை. வளையல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் சொன்னான்: “வெட்டுக்கா. எதுக்கு யோசிக்கிற?”

வெட்டினாள். அவன் நட்டை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கொட்டையைப் பொறுக்க ஆரம்பித்தான்.

பிற்பாடு கல்லூரியில் நிகழ்தகவு படித்தபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கொட்டை இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால், ஆறு கொட்டையில் மொத்தம் 64 விதமாக விழலாம். அதில் தாயம் 6 விதம். அதாவது ஏறக்குறைய பதினோரு முறைக்கு ஒன்று. இருபது முறை போட்டும் தாயமே விழாமல் போவதற்கு ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நாலு பேர் உட்காரும் ஆட்டத்தில் யாராவது ஒருவர் இப்படி மாட்டிக்கொள்வது அதிசயமே இல்லை. 0, 1, 2, 3 என்று பக்கங்கள் கொண்ட இரண்டு பித்தளைக் கட்டைகளில் ஆடினால் எட்டு முறைக்கு ஒரு தாயம், கொஞ்சம் தேவலை. ஆக, காத்திருப்பது இந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. காத்திருக்கிறவனுக்கு ஒரு வேலையையும் மரியாதையையும் கொடுத்துக் கூடவே உட்கார வைத்தது அப்பாயியின் கெட்டிக்காரத்தனம்.

நான் ஒரு விளையாட்டை எடை போடுவது இதை வைத்துத்தான்: தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு அங்கே உட்கார்ந்திருக்க ஏதாவது காரணம் இருக்கிறதா?

அந்தக் கணக்கில் ட்ரேட் எனக்குப் பிடிக்காது. நாங்களும் ஆடியிருக்கிறோம். பம்பாய், டெல்லி, மெட்ராஸ் என்று ஊர்களை வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலிக்கிற அட்டை. தொலைந்துபோன நோட்டுகளுக்குப் பதில் பஸ் டிக்கெட்டை வைத்து ஆடினோம். முதல் அரை மணி நேரம் அமர்க்களமாகப் போகும். பிறகு ஒருவனிடம் பணம் சேரச் சேர மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திவாலாவார்கள். திவாலானவன் என்ன செய்வான்? வீட்டுக்குப் போவான். கடைசி ஒரு மணி நேரம் இரண்டே பேர், அதிலும் ஒருவன் ஏற்கெனவே தோற்றவன். இது ஏன் இப்படி என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ட்ரேட்டுக்கு மூலம் மோனோபோலி, 1935-இல் அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மோனோபோலிக்கு மூலம் லிசி மேகி என்ற பெண்மணி 1904-இல் காப்புரிமை வாங்கிய ஆட்டம். நிலமெல்லாம் ஒருவர் கைக்குப் போனால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். அந்த வலியைத்தான் நாங்கள் லீவு நாளில் அனுபவித்தோம்.

கேரம் வேறு ரகம். கையில் வித்தை வேண்டும். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தபோது எங்கள் தெருக் கிளப்பில் பட்டாசு வெடித்தோம். ஆனால் கை தேர்ந்தவனும் புதியவனும் எதிரெதிரே உட்கார்ந்தால், புதியவன் பவுடர் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சமமான கைகள் இருந்தால் கேரமுக்கு இணை இல்லை. எல்லா நட்பிலும் கைகள் சமமாக அமைவதில்லை.

இப்போது நாங்கள் நாலு பேரும் நாற்பதைத் தாண்டிவிட்டோம். மூன்று பேர் சென்னை. அக்கா மட்டும் திருச்சியில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுவார். சைக்கிள் கடைக்காரன் வீட்டில்தான் கூடுவோம். ஜெர்மனிக்குப் போயிருந்தபோது அவன்தான் கட்டான் என்ற ஆட்டத்தை வாங்கி வந்தான். அறுகோண அட்டைகளை அடுக்கி ஒரு தீவு செய்து, அதில் ஊரும் சாலையும் போடுகிற ஆட்டம். செயற்கைப் பல் செய்யும் தொழிலில் இருந்த கிளாவுஸ் டொய்பர் என்பவர் உருவாக்கியது, 1995-இல் வெளிவந்தது. அவர் 2023-இல் காலமானார். செய்தி வந்த அன்று நாங்கள் நாலு பேரும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு ஒரு ஆட்டுக்குட்டிப் படத்தைப் போட்டோம். ஆடு அந்த ஆட்டத்தில் ஒரு சரக்கு.

கட்டானில் என்னை முதல் நாளே கட்டிப்போட்ட விஷயம் இது. யார் பகடை போட்டாலும், அந்த எண்ணில் ஊர் வைத்திருக்கும் எல்லோருக்கும் சரக்கு வரும். அடுத்தவன் முறையிலும் நமக்குச் செங்கல் வரலாம், கோதுமை வரலாம். அதனால் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. யாரும் ஆட்டத்தை விட்டு வெளியே போவதும் கிடையாது. பத்துப் புள்ளி யார் முதலில் எடுக்கிறார்களோ அதோடு முடிந்தது. நடுவில் ஓயாத பேரம். “ஒரு ஆடு தர்றேன், ஒரு செங்கல் குடு.” “ரெண்டு ஆடு குடுத்தாத்தான்.” பாத்திரக்கடைக்காரன் அப்பா கடையில் கற்ற பேரத்தையெல்லாம் இங்கே இறக்குவான். பின்தங்கியவனிடமும் எல்லோருக்கும் வேண்டிய ஏதோ ஒரு சரக்கு இருக்கும், அவனிடம் போய்த்தான் ஆக வேண்டும். அப்பாயி சொல்லிச் செய்ததை டொய்பர் விதியாகவே எழுதி வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

2020 ஊரடங்கில் போனில் லூடோ ஆடிப் பார்த்தோம். பக்கத்தில் வீடியோ அழைப்பும் ஓடும். மாதக்கணக்கில் ஒருவரையொருவர் பார்க்காத நேரத்தில் அதுவே பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பகடையைப் போன் போடுகிறது, எண்ணிக்கையைப் போன் எண்ணுகிறது, காயைப் போன் நகர்த்துகிறது. சாய்ந்து நிற்கிற கொட்டை இல்லை, தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பேச்சுதான் ஒரு மணி நேரம் போகும்.

அடுத்த ஆண்டு, இரண்டாவது அலை ஓய்ந்த பிறகு, முதல்முறை நேரில் கூடினோம். நான் ஒரு புது ஆட்டம் வாங்கிப் போயிருந்தேன். பேண்டமிக். மேட் லீகாக் வடிவமைத்து 2008-இல் வந்தது. உலகம் முழுக்கப் பரவும் நோய்களை எல்லோரும் சேர்ந்து தடுக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும் ஜெயிப்போம், தோற்றால் எல்லோரும் தோற்போம். ஒருவரும் எழுந்து போகத் தேவையில்லாத ஆட்டம் என்ற ஆசையில் வாங்கிவிட்டேன், வேறு எதையும் யோசிக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, வரைபடத்தை விரித்து, நிறம் நிறமான சின்னக் கட்டைகளை ஊர்களின் மேல் வைத்துக்கொண்டிருந்தோம். சென்னையின் மேல் ஒரு கட்டை வந்தது. பாத்திரக்கடைக்காரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மே மாதம்தான் அவன் அப்பா போயிருந்தார். ஆஸ்பத்திரியில் கடைசியாக முகம்கூடப் பார்க்க விடவில்லை. “இது வேணாம்டா” என்றான், அவ்வளவுதான். அக்கா ஒன்றும் பேசாமல் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டார். அந்தப் பெட்டி இன்னும் என் பரணில் இருக்கிறது. நல்ல ஆட்டம், கேட்பவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்கிறேன். எங்கள் நாலு பேரோடு மட்டும் ஆட மாட்டேன்.

அன்று ராத்திரி என்ன ஆடினோம் தெரியுமா? சைக்கிள் கடைக்காரன் சமையலறைக்குப் போய்ப் புளிப் பானையைத் துழாவினான். இப்போது வருவதெல்லாம் கொட்டை எடுத்த புளி. ஒன்றிரண்டு தப்பிக் கிடக்கும் என்று தேடித் தேடி ஆறு கொட்டை சேர்த்துவிட்டான். மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து தேய்த்தோம். சூடேறியதும் பாத்திரக்கடைக்காரன்தான் முதலில் என் கையில் வைத்தான். நான் கத்தினேன், அவன் சிரித்தான். மாதக்கணக்கில் அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஆறு கொட்டையும் இப்போது ஒரு விபூதி டப்பாவில், கட்டான் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. போன பொங்கலுக்குக் கும்பகோணம் வீட்டுக்கு எல்லோரும் குடும்பத்தோடு போனோம். கூடத்துத் தரை அங்கங்கே வெடித்திருக்கிறது, ஆனால் சாக்பீஸ் பிடிக்கிறது. சைக்கிள் கடைக்காரன் மகளுக்கு ஒன்பது வயது. அவள் அப்பாவைப் போலவே அவளுக்கும் தாயம் விழவில்லை. உதடு பிதுங்க ஆரம்பித்ததும் அவன் ஆறு கொட்டையையும் எடுத்து அவள் கையில் கொடுத்தான். “இனிமே எல்லாருக்கும் நீதான் பொறுக்கிக் குடுக்கணும்.”

ஒவ்வொருவர் போட்டதையும் விரல் வைத்து எண்ணிச் சொன்னாள். அவள் முறை வந்தது. இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கிப் போட்டாள். ஒரு கொட்டை தூணடியில் போய்ச் சாய்ந்து நின்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

“வெள்ளைதான். அஞ்சு” என்றாள்.

“அஞ்சு விழுந்தா இன்னொரு தடவை உண்டு” என்றார் அக்கா. “போடு.”