நாலேகால் வயதுப் பையன் காக்காயைத் 'தாத்தா' என்கிறான். நாக்கு நரம்பை வெட்டணுமா?

'க' வரணும் என்பதற்காக என்றால் வேண்டாம். பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், வெட்ட நாள் குறித்தாயிற்று என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்களே சொல்லிப் பாருங்கள். 'த' என்றால் நாக்கு நுனி மேல்பல்லைத் தொடும். 'க' என்றால் நுனி கீழேயே கிடக்கும், பின்நாக்குதான் எழும்பி மேலண்ணத்தில் ஒட்டித் திறக்கும். நரம்பு என்று உங்களிடம் சொன்னது நரம்பல்ல, நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு. அது பிடிப்பது நுனியை. நுனியை வைத்து 'த' நன்றாகச் சொல்கிறவனுக்கு அதை வெட்டினால் 'க' எப்படி வரும்? வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. பால் குடிக்கத் திணறும் கைக்குழந்தைக்குத் தேவைப்படலாம்.

மூன்று வயதில் இப்படிப் பேசுவது சகஜம். நாலு தாண்டியும் போகவில்லை என்றால் பயிற்சி வேண்டும். 'ர', 'ழ' தாமதமாகத்தான் வரும், அதற்கு அவசரப்படாதீர்கள்.

முதலில் காது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் கூப்பிட்டால் திரும்புவான். மெல்லிய ஒலிகள்தான் தப்பிப்போகும்.

காது சரி என்றால் காய், தாய் என்று இரண்டு படம் வையுங்கள். நீங்கள் சொல்வதை அவன் தொட்டுக் காட்டட்டும். பத்துக்கு எட்டு சரியாகத் தொடும்வரை சொல்லச் சொல்லாதீர்கள்.

பிறகு கரண்டிக் காம்பைக் கழுவி, அவன் நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மெதுவாக அழுத்திக்கொண்டு 'கா' சொல்லச் சொல்லுங்கள். நுனி எழ முடியாததால் பின்நாக்கு எழும். உள்ளே தள்ளினால் குமட்டும், நுனியோடு நிறுத்துங்கள். வரவில்லையா, மல்லாக்கப் படுக்க வைத்துச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு தானே பின்னால் சரியும். ஒலி பிடிபட்டதும் அக்கா, மூக்கு, கொக்கு. 'காகம்' இப்போது வேண்டாம். நடுவில் ஒற்றையாக வரும் 'க' நம் வாயிலேயே குழைந்துதான் வருகிறது, அவனைக் குழப்பும். தினம் மூன்று தடவை, ஐந்தைந்து நிமிடம் போதும். வசம்பு தடவுவதால் ஒலி வராது.

வீட்டில் கன்னடம் பேசுவதை நிறுத்தச் சொல்லிப் பள்ளியில் சொன்னார்களாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் கன்னடம், தெலுங்கு பேசும் எத்தனையோ வீடுகளில் தாய்மொழியை இப்படித்தான் பிடுங்குகிறார்கள், மனசு கொதிக்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் உச்சரிப்புக் கோளாறு வராது. பாட்டி கன்னடத்திலேயே கொஞ்சட்டும். மழையை அவன் 'மளெ' என்றால் திருத்தாதீர்கள், கன்னடத்தில் அதுதான் சரியான சொல்.