வாங்குமுன் ஒரு கேள்வி: தேக்குப் படகும் மரைன் பிளைவுட்டும்

கே: கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். பழைய மரப் பாய்ப்படகு ஒன்று விலைக்கு வருகிறது. "உலகம் சுற்றிய சுஹைலி மாதிரியே தேக்கில் கட்டியது, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்கிறார் தரகர். – வாசகர், நாகர்கோவில்

ப: சுஹைலி பம்பாயில் கட்டிய 32 அடித் தேக்குப் படகு. ஆங்கிலேய மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14 அன்று அதில் தனியாகக் கிளம்பி, எங்கும் கரை பிடிக்காமல் 312 நாளில் உலகைச் சுற்றி வந்தார். வடிவம் அமெரிக்கர் வில்லியம் அட்கின் வரைந்த 'எரிக்'. அதற்கும் மூலம் நார்வேக்காரர் காலின் ஆர்ச்சரின் மீட்புப் படகுகள். முன்னும் பின்னும் கூர். பின்னாலிருந்து வரும் அலை பிளந்து போகும். வேகம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் படகிலேயே வழியில் பலகை இடுக்கில் கசிந்தது. அவர் கடலில் முங்கி, கேன்வாஸும் செம்புத் தகடும் வைத்து அடைத்தார். தரகர் அதைச் சொன்னாரா?

தேக்கு என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிலம்பூர்த் தேக்கு என்று நான் வாங்கிய வாசல் நிலையைச் சிதல் தின்றுவிட்டது, பாதி வெள்ளை, அதாவது மரத்தின் வெளிப்பகுதி. தேக்கில் வைரம்தான், அதாவது உள்மரம்தான் நிற்கும். அந்த வைரத்திலும் இரும்பு ஆணி துருப்பிடிக்கும். அதனால் படகைக் கரையேற்றி, சில ஆணிகளையும் அடிக்கட்டை போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். அப்புறம், அடி ஆழமான படகை வள்ளம் போல மணலில் இழுத்துப் போட முடியாது. எங்கே கட்டுவீர்கள்?

கே: என் மரவள்ளத்தில் தண்ணீர் ஏறுகிறது. பெயிண்ட் அடித்தால் நிற்குமா? – முட்டம்

ப: நிற்காது.

கே: வள்ளம் கட்ட மரைன் பிளைவுட் வாங்கினேன். ஓராண்டுக்குள் அடுக்கடுக்காகப் பிரிகிறது. "உப்புத்தண்ணி பட்டா அப்படித்தான்" என்கிறார் கடைக்காரர். "தொழிலுக்கு வாங்கினவன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்றும் சொல்கிறார். – குளச்சல்

ப: உப்புத்தண்ணீருக்கு ஆகாதென்றால் அதற்கு மரைன் என்று பெயர் எதற்கு? பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அதுதான். ஐஎஸ் 303 என்றிருந்தால் அது சாதாரணப் பலகை, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். முத்திரையையும் பிரிந்த இடத்தையும் போட்டோ எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோர்தான். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள்.

கே: வாட்ஸ்அப் வீடியோ பார்த்து ஃபைபர் வள்ளத்துக்கு அட்வான்ஸ் போட்டேன். நேற்றிலிருந்து போன் எடுக்கவில்லை. – தக்கலை

ப: இணையவழி மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே அடியுங்கள். எனக்கு எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.