சனி ஒரு பந்தயம், ஞாயிறு ஒரு பந்தயம்: ஓட்டக்காரர் கேள்வி பதில்

கே: ஒரே வார இறுதியில் இரண்டு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை 10 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை அரை மராத்தான் (21.1 கி.மீ.). 10 கி.மீ.யில் என் சிறந்த நேரம் 60 நிமிடம். சனிக்கிழமை எந்த வேகத்தில் ஓடுவது?

ப: எது பந்தயம், எது பயிற்சி என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிடுங்கள். தொடக்கக் கோட்டில் போய் நின்றபின் யோசித்தால் மைக்கும் பாட்டும் கூட்டமும் சேர்ந்து உங்களுக்காக முடிவெடுத்துவிடும்.

ஞாயிறுதான் முக்கியம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 60 நிமிடம் என்பது கி.மீ.க்கு 6:00. சனிக்கிழமை 6:45 முதல் 7:00 வரை ஓடுங்கள். 68 முதல் 70 நிமிடத்தில் முடியும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

ஞாயிறு இலக்கையும் முன்கூட்டியே கணக்கிடலாம். அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் வெளியிட்ட சூத்திரம் இதற்கு உதவும். இரண்டு தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, தெரிந்த நேரத்தோடு பெருக்க வேண்டும். உங்கள் 60 நிமிடத்துக்கு அரை மராத்தான் சுமார் 2 மணி 12 நிமிடம் என்று வரும். ஆனால் அது ஓய்வெடுத்த காலுக்கான கணக்கு. முந்தின நாள் 10 கி.மீ. ஓடிய காலுக்கு 5 சதவீதம் சேர்த்து 2:19 என்று வையுங்கள். தொடக்க வேகம் கி.மீ.க்கு 6:35 முதல் 6:40. கடைசி 5 கி.மீ.யில் மிச்சம் இருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

திட்டம் கெடுவது பெரும்பாலும் சனிக்கிழமையின் கடைசிக் கி.மீ.யில்தான். அதுவரை அடக்கமாக ஓடியவர்கூட யாராவது முந்திப் போனால் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடுவார். சரிவான பாதையும் இப்படித்தான்: மூச்சுக்குச் சுகம், தொடைக்குக் கேடு. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுகி உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. நுண்ணிய கிழிசல்கள் அதிகம் விழுவது இந்த வேலையில்தான். அந்த வலி உடனே தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். ஞாயிறு காலை நீங்கள் கோட்டில் நிற்கும்போது அது ஏறிக்கொண்டிருக்கும். அதனால் சனிக்கிழமை இறக்கங்களில் காலடியைக் குட்டையாக, அடிக்கடி வையுங்கள்.

கே: இரண்டு நாளும் பர்சனல் பெஸ்ட் (இதுவரையிலான என் சிறந்த நேரத்தைவிட நல்ல நேரம்) எடுக்க முடியுமா?

ப: முடியாது என்று வைத்துக்கொண்டால் நல்லது. சனிக்கிழமை தட்டையான பாதையில் 5 கி.மீ. மட்டும் என்றால் முழு வேகத்தில் ஓடினாலும் இழப்பு சிறிதே. 10 கி.மீ.யை முழு மூச்சாக ஓடினால், ஞாயிறு 14, 15-ஆவது கி.மீ.யில் தொடைகள் அதைச் சொல்லிக் காட்டும்.

கே: வாரம் 3 நாள், மொத்தம் 25 கி.மீ. ஓடுகிறேன். இதற்கு எத்தனை வாரப் பயிற்சி வேண்டும்? தினமும் ஓட வேண்டுமா?

ப: 14 வாரம் வையுங்கள். தினமும் ஓட வேண்டாம், 4 நாள் போதும்.

முதல் 4 வாரத்தில் மெதுவாக 32 கி.மீ. வரை ஏறுங்கள். 5-ஆவது வாரத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு வாரம் சனியும் ஞாயிறும் சேர்த்து ஓடுங்கள். 5-ஆவது வாரம் 5 + 12, 7-ஆவது வாரம் 7 + 14, 9-ஆவது வாரம் 8 + 16, 11-ஆவது வாரம் 10 + 18 கி.மீ. நடுவில் வரும் வாரங்களில் ஞாயிறு மட்டும் 10 முதல் 12 கி.மீ. 12-இல் சாதாரண அளவு, 13-இல் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், பந்தய வாரத்தில் பாதி.

பலர் வழுக்குவது ஓரிடத்தில். சனிக்கிழமை ஓட்டத்தை ஏற்கெனவே ஓடுவதோடு கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள். வாரக் கணக்கு 25-இலிருந்து ஒரே தாவலில் 40-க்குப் போகும். கணைக்கால் எலும்போரம் வலி வந்துவிடும். அதாவது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள் ஓரத்தில். சனிக்கிழமை கூடும் தூரத்தைச் செவ்வாய், வியாழனிலிருந்து கழியுங்கள். 10 + 18 வாரத்தில் வாரநாள் ஓட்டங்கள் தலா 5 கி.மீ.யோடு நின்றுவிட வேண்டும்.

ஒவ்வொரு வாரமும் இந்த ஜோடி ஏன் வேண்டாம் என்றால், தசையின் இயல்பு அப்படி. ஒருமுறை அடிபட்டுத் தேறிய தசை, சில வாரம் கழித்து அதே வேலை வரும்போது குறைவாகவே பாதிக்கப்படுகிறது. அந்தக் காப்புக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தேற விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் காப்பு வராது, காயம்தான் வரும்.

கே: சனி அரை மராத்தான், ஞாயிறு முழு மராத்தான் ஓடப் போகிறேன். எடை 60 கிலோ. இடையில் கிடைப்பது 20 மணி நேரம்தான். அதில் என்னென்ன செய்ய வேண்டும்?

ப: சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம், குழப்பம் அதில்தான் அதிகம். ஒரு கி.மீ. ஓட, ஒரு கிலோ எடைக்குத் தோராயமாக 1 கலோரி. உங்களுக்கு அரை மராத்தான் என்றால் சுமார் 1,270 கலோரி. உடம்பில் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து மொத்தமே 400 முதல் 500 கிராம். அதில் கணிசமான பங்கு சனிக்கிழமையே போய்விடும். காலியான கிடங்கு சாதாரணச் சாப்பாட்டில் முழுதாக நிரம்ப ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். உங்களிடம் இருப்பது 20 மணி நேரம்.

எனவே முடித்த அரை மணிக்குள் தொடங்கி, முதல் 4 மணி நேரத்துக்கு, மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு கிலோ எடைக்கு 1 கிராம் வீதம். முதல் வேளையோடு 20 முதல் 25 கிராம் புரதம். அந்த நாள் முழுவதற்குமான மாவுச்சத்து 420 முதல் 480 கிராம். வெறும் 10 கி.மீ.யை மெதுவாக ஓடியவர்களுக்கு இந்தக் கெடுபிடி தேவையில்லை; வழக்கமான சாப்பாட்டோடு ஒரு சிற்றுண்டி போதும். இரவு உணவை 7 மணிக்குள் முடியுங்கள். எண்ணெயும் நார்ச்சத்தும் குறைவாக, ஏற்கெனவே பழகிய உணவாக இருக்கட்டும். ஊர் மாறி வந்த உற்சாகத்தில் புதிதாக எதையும் சுவைத்துப் பார்க்கும் இரவு இதுவல்ல.

தண்ணீருக்கு எடை இயந்திரம்தான் வழிகாட்டி. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, ஈர உடை இல்லாமல் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்திருந்தால் 1.25 முதல் 1.5 லிட்டர், 3, 4 மணி நேரத்தில் பரவலாக, உப்புள்ள உணவோடு குடியுங்கள். எடை கூடியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி: குடித்தது அதிகம். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மனக் குழப்பம் வரை போகும். மோதிரமும் கடிகாரப் பட்டையும் இறுகுவது முதல் தடயம்.

முடித்ததும் உட்காராமல் 10 நிமிடம் நடங்கள், ஈர உடையை மாற்றுங்கள். 10 முதல் 15 டிகிரி குளிர்நீரில் இடுப்பு வரை 10 நிமிடம் உட்காருவது சிலருக்கு இதமாக இருக்கும். பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அதனால் மராத்தான் கெட்டுவிடாது. மசாஜ் என்றால் மேலோட்டமாகத் தடவிவிடுவது போதும். கட்டை விரலால் ஆழமாக அமுக்குவதும் ஃபோம் ரோலரில் (தசையை அமுக்கும் நுரை உருளை) பல்லைக் கடித்துக்கொண்டு உருளுவதும் ஏற்கெனவே கிழிந்த தசையை மேலும் நோகடிக்கும்.

பிற்பகலில் அரை மணித் தூக்கம். பிறகு காலை உயர்த்திப் போட்டுப் படுத்திருங்கள். ஊர் சுற்றிப் பார்த்தே 12,000 அடி நடந்துவிட்டு ‘ஏனோ கால் கனக்கிறது’ என்பவர்கள் உண்டு.

கே: முதல் நாள் ஓட்டம் முடிந்து மாலையில் கெண்டைக்கால் வலித்தால் ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு மறுநாள் ஓடலாமா?

ப: கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. நீர் வற்றிய உடம்போடு மணிக்கணக்கில் ஓடும்போதும் அதே ஓட்டம் குறைகிறது. இரண்டும் சேர்வது நல்லதல்ல. வயிற்றுப் புண், சோடியம் குறைவு ஆகிய அபாயங்களும் கூடுகின்றன. பாராசிட்டமால் அந்த வகை இல்லை. ஆனால் அதுவும் வலியை மறைக்கும், நிறுத்த வேண்டிய இடம் தெரியாமல் போகும்.

வலியின் வகையைப் பாருங்கள். இரு கால்களிலும், அகலமாக, அமுக்கினால் நோகிற, நடக்க நடக்க இளகுகிற வலி என்றால் தசைச் சோர்வு, ஓடலாம். ஒரே காலில், ஒரு விரலால் ‘இங்கே’ என்று தொட்டுக் காட்ட முடிகிற, நடக்க நடக்கக் கூடுகிற வலி என்றால் காயம்.

ஞாயிறு காலை அறையிலேயே சோதித்துவிடலாம். ஒற்றைக் காலில் நின்று 10 முறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். அதே காலில் சின்னதாக 10 குதி. பிறகு அடுத்த கால். கடைசியாக 10 நிமிட மெது ஓட்டம். எங்காவது நடை கோணினாலோ, ஒரு காலைக் காப்பாற்றுவதற்காக மறு காலில் எடை போட்டாலோ அன்றைய ஓட்டம் இல்லை. சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனாலோ, நெஞ்சு வலி, ஒரே காலில் வீக்கம், தலைசுற்றல் இருந்தாலோ சோதனைகூட வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

கே: ஒரு ஜோடி ஷூ போதுமா?

ப: இரண்டு வேண்டும். வியர்வையும், ஓடும்போது தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீரும் இறங்கிய ஷூ 20 மணி நேரத்தில் உலராது. ஈரத்தில் தோல் ஊறி மிருதுவாகி 5-ஆவது கி.மீ.யிலேயே கொப்புளம் போடும். இரண்டு ஜோடியும் ஏற்கெனவே 40, 50 கி.மீ.யாவது ஓடிப் பழகியதாக இருக்கட்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை (இன்சோல்) வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். ஹேர் டிரையரின் சூட்டை வைக்காதீர்கள், பசை விடும்.

இன்னொன்று: இரண்டாம் நாள் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அதே இறுக்கத்தில் கட்டினால் மேல்பாதம் மரத்துப்போகும்; விரல் நுனிக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் இல்லாவிட்டால் நகம் கறுக்கும். லேஸை முழுதாகத் தளர்த்தி, புதிதாகக் கட்டுங்கள்.

கே: என் வேகம் குறைவு. ஞாயிறு முழுவதும் ஓட முடியுமா என்று பயமாக இருக்கிறது. நடந்தால் கேவலமா?

ப: அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் சனி அரை, ஞாயிறு முழு என்ற கூஃபி சேலஞ்ச் 2006-இலும், 5, 10, அரை, முழு என நான்கு நாள் ஓடும் டோப்பி சேலஞ்ச் 2014-இலும் தொடங்கின. அங்கே கேட்கப்படும் குறைந்தபட்ச வேகம் மைலுக்கு 16 நிமிடம், அதாவது கி.மீ.க்குப் பத்து நிமிடம். கணிசமானோர் இடையிடையே நடந்தே முடிக்கிறார்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே பரப்பிய முறை அது.

4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. முதல் கி.மீ.யிலிருந்தே இப்படிச் செய்ய வேண்டும். களைத்தபின் நடக்கத் தொடங்கினால் அது ஓய்வல்ல, சரணாகதி. உங்கள் பந்தயத்தில் நேர வரம்பு எவ்வளவு என்று பார்த்து, சனிக்கிழமையே இந்த 4:1-இல் ஓடி, சராசரி எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் 3 கி.மீ. கால் மரக்கட்டை மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், சூடேறியதும் இளகும். கடிகாரத்தில் இதயத் துடிப்பை நம்பாதீர்கள். களைத்த உடம்பில் அது வழக்கத்துக்கு மேலும் போகும், சில சமயம் ஏற மறுத்துக் கீழேயும் நிற்கும். மூச்சைக் கேளுங்கள். ஜெல் (ஓடும்போது சக்திக்காக விழுங்கும் இனிப்புக் கூழ்) மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்துக் கணக்கில். ஒரு பாக்கெட்டில் பெரும்பாலும் 20, 25 கிராம் இருக்கும். முதல் பாக்கெட் 35-ஆவது நிமிடத்தில், பிறகு அரை மணிக்கு ஒன்று, வெறும் தண்ணீரோடு. ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கோடு விழுங்கினால் சர்க்கரை செறிவு கூடி வயிறு புரட்டும்.

கே: இரண்டு பந்தயத்துக்கும் ஒரே பிப்பா (சட்டையில் குத்தும் எண் அட்டை)?

ப: பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். சில இடங்களில் நாளுக்கொரு பிப், சில இடங்களில் ஒன்றே. நேரம் பதியும் சிப் பிப்பின் பின்புறம் ஒட்டியிருந்தால் மடிக்கவோ, ஜாக்கெட்டுக்குள் மறைக்கவோ கூடாது. இரண்டு பிப் என்றால் சனிக்கிழமையுடையதை முடித்தவுடனே பெட்டிக்குள் போட்டுவிட்டு, ஞாயிறு பிப்பை அன்றைய சட்டையில் நாலு பின்னும் குத்தி நாற்காலியில் தொங்கவிடுங்கள். விடியற்காலை 4 மணிக்கு அரைத் தூக்கத்தில் கைக்குக் கிடைத்த பிப்பை மாட்டிக்கொண்டு போய், ஓடி முடித்தும் நேரம் பதிவாகாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.